வானத்தில் விழுந்த பட்டைகள்: இரைச்சல் உதவி செய்யும் இடம்

ஒளி பற்றிய பாடத்தை முடித்த கையோடு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். சூரியன் மறைந்த பிறகு பத்து நிமிடம் கழித்து வானத்தைப் படம் எடுத்து வர வேண்டும். அடிவானத்தில் வெளிச்சமாகவும் மேலே போகப்போக இருட்டாகவும் வானம் எப்படி மாறுகிறது என்று அந்தப் படங்களை வைத்துப் பேசலாம் என்பது திட்டம்.

பன்னிரண்டு படங்கள் வந்தன. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் திரையில் காட்டினோம். ஏரிக்கரையில் நின்று ஒரு மாணவி எடுத்த படம் வந்தபோது வகுப்பு சிரித்தது. வானம் மெல்ல மெல்ல இருட்டாகவில்லை. படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக இறங்கியது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் பென்சிலால் கோடு போட்டதுபோல விளிம்பு தெரிந்தது.

“சார், வானத்துல இந்தக் கோடு எல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள்.

“கேமரா சரியில்லைம்மா. மலிவான போனா இருக்கும்” என்றேன்.

“அப்பா போன் சார். பழசு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை அந்தப் படத்தின் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் பட்டை இல்லை. பொடி மணல் தூவியதுபோல வானம் முழுக்க நுண்புள்ளிகள் இருந்தன. குறைந்த வெளிச்சத்தில் எடுத்தால் எந்தக் கேமராவிலும் வரும் இரைச்சல் அது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது. படங்கள் ‘சுத்தமாக’ இருக்கட்டும் என்று புள்ளிகளை நீக்கும் வசதியை அழுத்தியிருந்தேன். ஆய்வகக் கணினியில் வேகமாகத் திறக்க வேண்டும் என்று நிறங்களின் எண்ணிக்கையையும் 64 ஆகக் குறைத்துச் சேமித்திருந்தேன். மூலப் படத்தைச் சுத்தம் செய்யாமல், நிறங்களை மட்டும் அதே 64 ஆகக் குறைத்துப் பார்த்தேன். பட்டைகள் கரைந்துபோயின. சற்று எட்ட நின்று பார்த்தால் வானம் வானமாகவே இருந்தது.

அப்பாவின் பழைய போன் குற்றவாளி இல்லை. நான் அழித்த இரைச்சல்தான் அந்த வானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இதை வகுப்பில் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, ஏன் என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக உருவாக்கிய இரண்டு பாடவேளைச் செயல்பாடுகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். கணினி தேவையில்லை. சீட்டும் கட்டம் போட்ட நோட்டும் போதும்.

பட்டை எப்படி உருவாகிறது?

டிஜிட்டல் படம் என்பது எண்களால் நிரப்பிய கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளியின் ஒளி அளவை வழக்கமாக 0 முதல் 255 வரையிலான ஒரு முழு எண்ணாக எழுதுகிறோம். 8 பிட் என்பது இதுதான். 2-இன் 8-ஆம் அடுக்கு 256.

வானத்தின் வெளிச்சம் தொடர்ச்சியாக மாறுவது. எண்களோ படிபடியாக மாறுபவை. எனவே ஒவ்வொரு புள்ளியிலும் முழுமையாக்கல் நடக்கிறது. 256 படிகள் இருந்தால் படியின் உயரம் சிறியது. பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாது. படிகளை 16 ஆகவோ 8 ஆகவோ குறைத்தால் ஒரே படியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதுதான் பட்டை. அடுத்த படி தொடங்கும் இடம்தான் விளிம்பு.

போதாக்குறைக்கு நம் கண்ணும் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டும். அடுத்தடுத்து இரண்டு சாம்பல் நிறப் பட்டைகள் இருந்தால், அவை சேரும் இடத்தில் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவும் இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாகவும் தோன்றும். 1865-இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இவை மாக் பட்டைகள் எனப்படுகின்றன.

முழுமையாக்கலில் ஏற்படும் பிழையின் குணத்தை இங்கே கவனிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் பிழை செய்கின்றன. எல்லாரும் ஒரே மாதிரி தவறினால் சராசரி எடுத்தும் பயனில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தவறினால் சராசரியில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரைச்சல் செய்யும் வேலை இதுதான்: ஒரே மாதிரியான பிழையைச் சிதறிய பிழையாக மாற்றுவது.

கற்றல் நோக்கங்கள்

இச்செயல்பாடுகளின் வழியாக மாணவர்கள்,

- அளவுகோலின் மீச்சிற்றளவுக்குக் கீழுள்ள ஒரு நீளத்தைச் சராசரியின் மூலம் மதிப்பிடுவர்.
- பட்டறி நிகழ்தகவை ஒரு படத்தின் ஒளி அளவோடு தொடர்புபடுத்துவர்.
- இரைச்சல் எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்பதைக் காரணத்துடன் விளக்குவர்.

ஒன்பதாம் வகுப்பு அளவீடு, நிகழ்தகவு, புள்ளியியல் பாடங்களோடு இவை பொருந்தும். முதல் செயல்பாட்டை ஐந்தாம் வகுப்பிலும் செய்யலாம்.

தேவையான பொருள்கள்

கெட்டி அட்டை, கத்தரிக்கோல், சாதாரண அளவுகோல், 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகள் கொண்ட டப்பா (குழுவுக்கு ஒன்று), கட்டம் போட்ட நோட்டுத்தாள், கறுப்புப் பென்சில், ஒரு நாணயம்.

செயல்பாடு 1: மில்லிமீட்டர் இல்லாமல் மில்லிமீட்டர்

முன்னேற்பாடு: அட்டையில் 12 செ.மீ. நீளத்துக்கு ஓர் அளவுகோல் வரையுங்கள். அதில் சென்டிமீட்டர் கோடுகள் மட்டும் இருக்கட்டும். 0-க்கும் 1-க்கும் இடையில் மட்டும் மில்லிமீட்டர் கோடுகள் போடுங்கள். பிறகு 7.3 செ.மீ. நீளமுள்ள ஓர் அட்டைத் துண்டை வெட்டுங்கள். கோட்டின் வெளிப்பக்கமாக வெட்டினால் நல்லது. ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால் வாசிப்பதில் குழப்பம் வராது. துண்டின் நீளத்தை மாணவர்களிடம் சொல்ல வேண்டாம்.

முதல் சுற்று: ஒவ்வொரு மாணவரும் துண்டின் தொடக்கத்தை 0-இல் வைத்து, அதன் மறுமுனை கடைசியாகத் தொட்ட அல்லது தாண்டிய சென்டிமீட்டர் கோட்டை மட்டும் வாசிக்கட்டும். எல்லாரும் 7 என்பார்கள். கரும்பலகையில் எல்லா 7-ஐயும் எழுதிச் சராசரி காணச் சொல்லுங்கள். 7 தான் வரும். “இன்னும் நூறு பேர் அளந்தால் விடை திருந்துமா?” என்று கேளுங்கள். திருந்தாது என்பதை அவர்களே சொல்வார்கள்.

இரண்டாம் சுற்று: இப்போது ஒவ்வொருவரும் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்கட்டும். சீட்டில் 4 என்றிருந்தால் துண்டின் தொடக்கத்தை 0-இல் வைக்காமல் 4 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். மறுமுனையை முன்போலவே சென்டிமீட்டர் கோட்டில் மட்டும் வாசிக்க வேண்டும். சீட்டை மடித்து மீண்டும் டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

இம்முறை சிலர் 7 என்பார்கள், சிலர் 8 என்பார்கள். வகுப்பில் சலசலப்பு வரும்; வரட்டும். எல்லா வாசிப்புகளையும் எழுதிச் சராசரி காணுங்கள். எடுத்துக்காட்டாக, 36 பேரில் 26 பேர் 7 என்றும் 10 பேர் 8 என்றும் வாசித்தால், கூடுதல் 262, சராசரி 7.28. துண்டின் உண்மை நீளம் 7.3 என்று அப்போது சொல்லுங்கள்.

காரணம் எளிது. சீட்டு 0 முதல் 6 வரை இருந்தால் முனை 7-க்கும் 8-க்கும் இடையிலேயே நிற்கும். 7, 8, 9 வந்தால் மட்டும் முனை 8-ஐத் தொடும். பத்தில் மூன்று சீட்டுகள். பத்துச் சீட்டுகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தால் ஏழு பேர் 7 என்றும் மூன்று பேர் 8 என்றும் வாசிப்பார்கள். சராசரி சரியாக 7.3. துண்டின் நீளத்தில் மறைந்திருந்த ‘3’, எத்தனை பேர் 8 சொன்னார்கள் என்ற எண்ணிக்கையில் வந்து நிற்கிறது.

ஒரு கெட்டிக்கார மாணவர் கட்டாயம் கேட்பார்: “துண்டோட மறுமுனையை 7-ஆம் கோட்டுல வச்சுட்டு, இந்தப் பக்கம் மில்லிமீட்டரைப் படிச்சா போதாதா சார்?” போதும். அவரைப் பாராட்டிவிட்டு இதைச் சொல்லுங்கள்: கேமராவுக்கு அந்த வசதி இல்லை. வந்து விழும் ஒளியை ஏதோ ஒரு படியில் நிறுத்தி எழுதத்தான் அதற்குத் தெரியும். மேலும், சராசரி காணும்போது யாருக்கு எந்தச் சீட்டு வந்தது என்று நாம் கேட்கவே இல்லை. சீட்டுகள் சமவாய்ப்பில் பரவியிருந்தன என்பது மட்டுமே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் சுற்று: இதைத் தவிர்க்க வேண்டாம். எல்லாரும் முதலில் 0-இல் வைத்து 7 என்று எழுதிவிடட்டும். அதன் பிறகு சீட்டு எடுத்து அந்த மில்லிமீட்டரைக் கூட்டட்டும். சீட்டுகளின் சராசரி 4.5 மி.மீ. என்பதால் விடை ஏறத்தாழ 7.45 வரும். இப்போது 7.8 செ.மீ. நீளமுள்ள வேறொரு துண்டைக் கொடுத்து இதையே செய்யச் சொல்லுங்கள். மீண்டும் 7.45-ஐ ஒட்டியே வரும்! இரண்டு துண்டுகளையும் வேறுபடுத்தவே முடியவில்லை.

ஆக, முழுமையாக்கலுக்கு முன் சேர்த்த இரைச்சல் உதவியது. பின் சேர்த்த இரைச்சல் வெறும் குப்பை. இரைச்சல் புதிய தகவல் எதையும் கொண்டுவரவில்லை. முழுமையாக்கல் தகவலை அழித்துவிடாமல் அது தடுத்தது. அழிந்த பிறகு வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

செயல்பாடு 2: கறுப்பும் வெள்ளையும் மட்டும்

10 வரிசை, 10 நிரல் கொண்ட கட்டத்தை ஒவ்வொரு குழுவும் வரையட்டும். நிரல்களுக்கு மேலே இடமிருந்து வலமாக 0, 1, 2, … 9 என்று எழுதுங்கள். இவை அந்த நிரலின் ஒளி அளவுகள். 0 என்றால் இருட்டு, 9 என்றால் நல்ல வெளிச்சம். மாலை வானத்தைப் படுக்க வைத்ததுபோல நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நம்மிடம் இருப்பது கறுப்புப் பென்சில் ஒன்றுதான். ஒவ்வொரு கட்டமும் கறுப்பாக இருக்க வேண்டும், அல்லது வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்துக்கு இடமில்லை.

முதல் படம்: ஒளி அளவு 5 அல்லது அதற்கு மேல் என்றால் வெள்ளையாக விடுங்கள். 5-க்குக் கீழ் என்றால் கறுப்பாக்குங்கள். இடது பாதி முழுக்கக் கறுப்பு, வலது பாதி முழுக்க வெள்ளை. நடுவில் செங்குத்தான சுவர். நம் மாணவியின் வானத்தில் விழுந்த பட்டை இதுதான்.

இரண்டாம் படம்: ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ஒளி அளவையும் சீட்டு எண்ணையும் கூட்டுங்கள். கூடுதல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெள்ளை, குறைந்தால் கறுப்பு. சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க மறக்க வேண்டாம். குழுவில் ஆளுக்கு இரண்டு நிரல் பிரித்துக்கொண்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒளி அளவு 3 உள்ள நிரலில் 7, 8, 9 வந்தால் மட்டுமே வெள்ளை; நிகழ்தகவு 3/10. ஒளி அளவு 8 என்றால் 2 முதல் 9 வரை எது வந்தாலும் வெள்ளை, நிகழ்தகவு 8/10. நிரலின் ஒளி அளவே வெள்ளைக் கட்டங்களின் எதிர்பார்க்கும் எண்ணிக்கையாகிறது.

பத்துக் கட்டம் மட்டுமே இருப்பதால், 3 எதிர்பார்த்த இடத்தில் 1-உம் வரலாம், 5-உம் வரலாம். “கணக்கு தப்பாயிடுச்சு” என்று குழுக்கள் முகம் சுளிக்கும். எல்லாக் குழுக்களின் தாள்களிலும் அந்த நிரலின் வெள்ளைக் கட்டங்களைக் கூட்டிச் சராசரி காணச் சொல்லுங்கள். சோதனைகள் கூடக்கூடப் பட்டறி நிகழ்தகவு 3/10-ஐ நெருங்குவதை எண்களில் பார்ப்பார்கள்.

பிறகு தாள்களைக் கரும்பலகையில் மேலும் கீழுமாக ஒட்டிவிட்டு, எல்லாரையும் வகுப்பின் கடைசிச் சுவரில் போய் நிற்கச் சொல்லுங்கள். கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்க்கட்டும். கிட்டத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் தாறுமாறாகத் தெரிந்தது, எட்டத்தில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்ல மாறுவது தெரியும். இங்கே சராசரி எடுப்பது கண்.

ஒரு சிறு எச்சரிக்கை. சீட்டுக்குப் பதிலாகப் புத்தகத்தைத் திறந்து பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வலப்பக்கத்தை மட்டும் பார்த்தால் அச்சுப் புத்தகங்களில் வழக்கமாக ஒற்றைப்படை எண்ணே வரும். அது சமவாய்ப்பு ஆகாது. ஏன் ஆகாது என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

செயல்பாடு 3: எவ்வளவு இரைச்சல்?

“இரைச்சல் நல்லதுன்னா நிறையப் போடலாமா சார்?” என்ற கேள்வி வந்தே தீரும். அதையும் சோதித்துப் பார்க்கலாம்.

எல்லாச் சீட்டிலும் 5 என்றே எழுதினால் என்ன ஆகும்? ஒளி அளவு 5-உம் அதற்கு மேலும் வெள்ளை; மற்றவை கறுப்பு. அதாவது நாம் வரைந்த முதல் படம். இரைச்சல் சுழி.

4, 5, 6 ஆகிய மூன்று சீட்டுகளை மட்டும் போட்டால்? 4, 5 எண்ணிட்ட நிரல்கள் மட்டும் கலந்து வரும். 0 முதல் 3 வரை முழுக்கக் கறுப்பு. 6 முதல் 9 வரை முழுக்க வெள்ளை. சுவரின் விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். இரைச்சல் போதவில்லை.

0 முதல் 9 வரை எல்லாச் சீட்டும் இருந்தால் படி சரியாக நிரம்புகிறது. இரைச்சலின் வீச்சு ஒரு படியின் உயரத்தோடு பொருந்தியிருப்பதுதான் காரணம்.

கடைசியாக, ஒளி அளவைப் பார்க்காமலேயே நாணயத்தைச் சுண்டி, தலை என்றால் வெள்ளை, பூ என்றால் கறுப்பு என்று நிரப்பச் சொல்லுங்கள். சிக்னல் முழுவதும் இரைச்சலில் மூழ்கிய நிலை இது. எவ்வளவு தூரம் போய் நின்று பார்த்தாலும் ஒரே சாம்பல்தான், வானம் இல்லை.

நான்கு தாள்களையும் வரிசையாக ஒட்டினால் பாடம் முடிந்ததுபோல. குறைந்தால் பயனில்லை, கூடினால் கேடு, நடுவில் ஓர் அளவு இருக்கிறது.

வகுப்பறைக்கு வெளியே

மாணவர்கள் சீட்டு எடுத்துச் செய்ததை 1960-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிக்காகச் செய்து காட்டியவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ். அப்போது அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மாணவர். பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்கியவர்களில் முக்கியமானவராக அறியப்பட்டவரும் இவர்தான். தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்றி அனுப்ப, நல்ல தரத்துக்குப் புள்ளிக்கு 6 பிட், அதாவது 64 படிகள் தேவைப்பட்டன. குறைத்தால் பட்டை விழுந்தது. ராபர்ட்ஸ், முழுமையாக்கலுக்கு முன்பு சிறிது இரைச்சலைச் சேர்த்தார். பெறும் இடத்தில் அதே இரைச்சலைக் கழித்தார். இரு முனைகளிலும் ஒரே வரிசையில் எண்களை உருவாக்கும் கருவிகளை வைத்ததால் இது முடிந்தது. புள்ளிக்கு 3 பிட், அதாவது 8 படிகள் போதும் என்று காட்டி, 1962-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அனுப்ப வேண்டிய தகவல் பாதியாகக் குறைந்தது.

படத்தில் இப்படி வேண்டுமென்றே சிறு மாறுபாட்டைச் சேர்ப்பதை டித்தரிங் என்கிறார்கள். சமவாய்ப்பு எண்களுக்குப் பதிலாகத் திட்டமிட்ட எண் கட்டம் ஒன்றைப் பயன்படுத்தும் முறையை 1973-இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் தந்தார். ஒரு புள்ளியில் ஏற்பட்ட முழுமையாக்கல் பிழையை அண்டைப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையை 1976-இல் ஃபிளாயிடும் ஸ்டீன்பெர்க்கும் வெளியிட்டார்கள். செய்தித்தாள் படத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் மை என்று எதுவும் இல்லாமல், கறுப்புப் புள்ளிகளாலேயே சாம்பல் நிறம் உருவாகியிருப்பதைக் காண்பார்கள். டித்தரிங்குக்கு உறவான அச்சுக்கலை உத்தி அது.

நாம் அட்டைத் துண்டைத் தள்ளி வைத்ததற்கு விண்வெளியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி, பெருங்கரடி விண்மீன் குழுவில் வெறுமையாகத் தெரிந்த ஒரு சிறு பகுதியை 10 நாள்கள் நோக்கி 342 படங்கள் எடுத்தது. அதன்போது தொலைநோக்கியின் நோக்கை அவ்வப்போது மிகச் சிறிதளவு நகர்த்தினார்கள். ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் படப்புள்ளிகளுக்குள் அடங்கிய விவரம் நம் ‘7’ போல மாறாமலே இருந்திருக்கும். நகர்த்திய படங்களைச் சேர்த்ததால், புள்ளியைவிட நுண்ணிய விவரம் கிடைத்தது. கேமராவின் பழுதுபட்ட புள்ளிகளையும் ஒதுக்க முடிந்தது. வெறுமை என்று தெரிந்த அந்த இடத்தில் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் இருந்தன. 2018-இல் வந்த கூகுளின் பிக்சல் 3 செல்பேசியில் இதற்கு நம் கை நடுக்கத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்தடுத்து எடுக்கும் படங்கள் கை நடுக்கத்தால் சற்றே விலகுவதை வைத்து, பெரிதாக்கிய படத்தைத் தெளிவாக்குகிறது அது.

ஒரு வரம்பைத் தாண்ட முடியாத மெல்லிய சிக்னலுக்கு இரைச்சல் கைகொடுப்பதற்கு ஸ்டொகாஸ்டிக் ரெசொனன்ஸ் என்று பெயர். 1981-இல் இத்தாலிய இயற்பியலாளர் ராபர்ட்டோ பென்சியும் உடன் பணியாற்றியவர்களும், பனியூழிகள் திரும்பத் திரும்ப வருவதை விளக்க இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் இதை மனிதப் பார்வையில் சோதித்தார்கள். லண்டன் பிக் பென் கோபுரத்தின் படத்தில், வரம்பைத் தாண்டிய புள்ளிகளை மட்டும் காட்டினால் கோபுரம் தெரியாது. கொஞ்சம் இரைச்சல் சேர்த்தால் உருவம் தலைகாட்டும். சரியான அளவில் கோபுரம் தெளியும். இன்னும் கூட்டினால் மறைந்துவிடும். நம் மாணவர்கள் கரும்பலகையில் ஒட்டிய நான்கு தாள்களின் கதைதான் அது.

ஆசிரியர் கவனத்திற்கு

இந்தப் பாடம் இரண்டு தவறான புரிதல்களுக்கு வழிவகுக்கக்கூடும். முன்கூட்டியே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

ஒன்று, “அளக்கும்போது கவனக்குறைவாக இருக்கலாம்” என்பது. அப்படி இல்லை. கவனக்குறைவில் வரும் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும். சீட்டுபோலச் சமமாகப் பரவாது. அளவுகோலை எப்போதும் ஓரத்திலிருந்து பார்த்து வாசிப்பவரின் பிழை, ஆயிரம் முறை அளந்தாலும் மறையாது.

இரண்டு, “இரைச்சல் எப்போதும் நல்லது” என்பது. இரைச்சல் உதவுவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. நடுவில் ஒரு படியோ வரம்போ இருக்க வேண்டும். இரைச்சல் அதற்கு முன்பே சேர வேண்டும். பிறகு சராசரி எடுக்கக் கண்ணோ கணக்கோ இருக்க வேண்டும். எக்ஸ் கதிர்ப் படத்தில் சிறு எலும்பு முறிவைத் தேடும் மருத்துவருக்கு, சிக்னலை மறைக்கும் இரைச்சல் தொல்லைதான். அங்கே குறைக்கத்தான் வேண்டும்.

தொடக்க வகுப்புகளில் நிகழ்தகவு என்ற சொல்லே வேண்டாம். பத்துச் சீட்டுகளையும் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து, ஏழு பேர் 7, மூன்று பேர் 8 என்று வந்ததைப் பார்த்து வியந்தாலே போதும்.

மதிப்பீடு

1. 4.6 செ.மீ. நீளமுள்ள துண்டைப் பத்துச் சீட்டுகளையும் ஒவ்வொரு முறை பயன்படுத்தி அளந்தால், எத்தனை பேர் 5 என்று வாசிப்பர்? (விடை: 6 பேர்)
2. ஒளி அளவு 8 கொண்ட 50 கட்டங்களில் ஏறத்தாழ எத்தனை வெள்ளையாக இருக்கும் என எதிர்பார்க்கலாம்? (விடை: 40)
3. 4, 5, 6 சீட்டுகள் மட்டும் உள்ளபோது, ஒளி அளவு 4 கொண்ட கட்டம் வெள்ளையாக இருக்க நிகழ்தகவு என்ன? (விடை: 1/3)
4. பட்டை விழுந்த படத்தைச் சேமித்த பிறகு அதன் மேல் இரைச்சலைத் தூவினால், இழந்த விவரம் திரும்புமா? செயல்பாடு 1-இன் மூன்றாம் சுற்றைக் கொண்டு விளக்குக.

நான்காம் கேள்விக்கு மாணவர்கள் எழுதும் விடைதான் அவர்கள் உண்மையில் புரிந்துகொண்டார்களா என்பதைக் காட்டும். தூவிய புள்ளிகள் விளிம்பைக் கொஞ்சம் மறைக்கலாம். ஆனால் பட்டைக்குள் என்ன இருந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டைத் தொட்டு எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இரண்டாம் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த மாணவியின் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே காட்டினேன். ஒன்று நான் சுத்தம் செய்தது. இன்னொன்று அவள் எடுத்தது எடுத்தபடி. “முதல் படத்தில் பட்டை விழக் காரணம் யார்?” என்று கேட்டேன். வகுப்பு ஒரு நொடி தயங்கியது. பிறகு பின்வரிசையிலிருந்து, “நீங்கதான் சார்” என்று ஒரு குரல் வந்தது. ஆமாம் என்றேன். போன்மேல் பழி போட்டதற்கு அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், இருட்டினப்புறம் எடுத்தா இந்தப் புள்ளி இன்னும் நிறைய வருது. எந்த நேரத்துக்கு எடுத்தா சரியா இருக்கும்?” என்று கேட்டாள். சூரியன் மறைந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அப்பாவின் அதே போனில்தான்.